வந்த வழியே போன பந்து

பதுளை மைதானத்தில் நேற்று என் பேரன் ரக்பிப் பந்தை உதைத்தபோது எழுந்த 'தொம்' என்ற ஓசை, என்னை ஏழு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது இதே மைதானத்தில் வெள்ளைக்காரத் துரைகள்தான் ஆடுவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை உதைப்பதில் பேர்போனவர். குதிகாலால் புல்லில் குழி பறித்து, அதில் பந்தை நிறுத்தி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக அனுப்புவார். மறுபக்கம் நின்று பந்து பொறுக்குவது அப்பாவின் வேலை. நான் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். அப்பா பந்தைக் கையால் எறிய மாட்டார். வெறுங்காலால் உதைப்பார், அது அதே கம்பத்தைத் தாண்டித் துரையின் காலடியில் விழும். துரையின் உதையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. திரும்பி வந்த பந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒருநாள் பயிற்சியில் துரை இரண்டு முறை தவறவிட்டார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, தன் குழியைக் காட்டி, "நீ அடி" என்றார். அப்பா உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. துரை சிரித்து, அவர் தோளைத் தட்டிவிட்டுக் கிளப்புக்குள் போனார்.

எனக்கு ஆத்திரம். "ஏம்ப்பா வேணும்னே வெளிய அடிச்சீங்க?"

"தொரையே ரெண்டு விட்டுட்டாரு தாயி. நான் போட்டா, நாளைக்கு வேற ஆளத்தான் கூப்பிடுவாரு."

சுற்றிலும் பார்த்துவிட்டு, அதே குழியில் பந்தை வைத்து உதைத்தார். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே வெகு உயரத்தில் பறந்தது. கைதட்டப்போன என் கைகளைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

நேற்று பேரனின் பந்தும் கம்பத்தைத் தாண்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.