வெறும் பாயில் ஒரு கடை

அன்று வந்திருந்தவர்கள் இவ்வளவு பேர்: பதினாறு பிள்ளைகள், ஒன்பது தாய்மார், இரண்டு தகப்பன்மார், சனசமூக நிலையத் தலைவர், நான். பெரிய ரீச்சர் காய்ச்சல் என்று வரவில்லை. அவ வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மனம் ஆறவில்லை.

எங்கள் முன்பள்ளி இணுவிலில், கோயில் வீதியில், நிலையத்தின் பின் அறையில் நடக்கிறது. நான் உதவி ரீச்சர். பத்தாம் வகுப்போடு நின்றவள், சோதினை எடுக்காதவள். தலைவர் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே, இன்றைக்கு என்னை வேலையால் நிற்பாட்டப் போகிறாரோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

வருடத்தில் ஒருநாள் சிறுவர் சந்தை வைப்போம். பிள்ளைகள் வீட்டிலிருந்து சாமான் கொண்டுவந்து பாயில் பரப்பி விற்பார்கள், பெற்றோர் வாங்குவார்கள். “வீட்டிலை உள்ளதைக் குடுத்துவிடுங்கோ” என்று வட்ஸ்அப்பில் போட்டது நான்தான். முருங்கைக்காய், வாழைப்பூ, தேசிக்காய், பொன்னாங்காணி எல்லாம் வந்தன. கடைசியாக வந்த பிள்ளையின் பையில் ஐந்து பொதி நெத்தலிக் கருவாடு. தாய் கடற்கரைப் பக்கத்துக் குருநகர்க்காரி. கருவாடு பொதிசெய்து விற்றுத்தான் அந்த வீடு ஓடுகிறது. ஒவ்வொரு பொதியிலும் பிள்ளையே நூறு என்று எழுதியிருந்தாள், ஒரு சைபர் பெரிதாக, மற்றது சின்னதாக.

“அம்மா வர முதல் எல்லாத்தையும் வித்துப்போட்டுக் காட்டப்போறன் ரீச்சர்.”

அன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயில் வீதியில் கருவாடு! அந்த நேரம் பார்த்துப் படலை சத்தம் கேட்டது.

“பிள்ளை, உதெல்லாத்தையும் ரீச்சரே வாங்கிறன், என்ன?”

“அஞ்சும்?”

“ஓம், அஞ்சும்.”

“அப்ப காசு?”

“பிறகு தாறன்.”

பொதிகளைக் கொண்டுபோய் ஸ்கூட்டியின் சீற்றுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அவள் வெறும் பாயில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தாள். தலைவர் ஒவ்வொரு பாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன முதலாளி, உங்கடை கடையிலை ஒண்டையும் காணேல்லை?”

“எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு வாங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைக்கத்தான் இப்பவும் முகம் எரிகிறது. கருவாட்டைக் கண்டிருந்தால் அவர் ஏதும் சொல்லியிருப்பாரோ என்றுகூட எனக்குத் தெரியாது. ஒளிக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

தாய் வந்ததும் பிள்ளை பாய்ந்து ஓடினாள். “அம்மா, எல்லாம் வித்துப்போட்டன்! ரீச்சர்தான் வாங்கினவ!”

தாய் வெறும் பாயைப் பார்த்தா, தலைவரைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டா:

“ரீச்சர் மீன், மச்சம் ஒண்டும் சாப்பிடுறேல்லை எல்லோ?”

“பக்கத்து வீட்டுக்காரருக்கு...” என்று தொடங்கினேன்.

“எங்கை வைச்சிருக்கிறியள்?”

ஸ்கூட்டியைத் திறந்து கொடுத்தேன். பிள்ளை காணாமல் பைக்குள் வைத்துக்கொண்டா. காசை நீட்டினேன், கையைப் பின்னுக்கு இழுத்தா.

“விக்காத சாமானுக்குக் காசு வாங்கிப் பழக்கமில்லை ரீச்சர்.”

பிறகொருநாள் காசை ஒரு என்வலப்பில் போட்டுப் பிள்ளையின் பைக்குள் வைத்துவிட்டேன். அடுத்தநாள் அப்படியே திரும்பி வந்தது. தாய் காலையில் பிள்ளையை விடும்போது முன்னைப்போலத்தான் சிரிக்கிறா. அது எனக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை கருவாடு விற்றாயிற்று, காசு வரவில்லை. சாமான் கொடுத்தால் கையோடு காசு வாங்கவேணும் என்று பாட்டுப் பாடிப் பழக்கினவளும் நான்தானே. போனகிழமை கடை விளையாட்டில் மண் சோறு வாங்க நானும் போய் இருந்தேன். பக்கத்தில் கடை வைத்திருந்த பிள்ளைக்கு அவள் சொன்னாள்:

“ரீச்சருக்குக் கடன் குடுக்காதை. அவ எனக்கே இன்னும் ஐந்நூறு ரூபா தரவேணும்.”