வேலுசாமியின் எக்ஸ்

தோட்ட மருந்தகத்துத் திண்ணையில் ஜீவராணி கிழவர் வேலுசாமியின் காற்புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இலங்கையில் கரவனெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் இருபது வருடமாக அவள் வேலை. கண்ணீர் விடுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது; கிண்டல் என்றால் தாராளமாக வரும்.

மருந்தகத்துப் புதிய கணினி, கிழவரின் அடையாள அட்டை இலக்கம் செல்லாது என்றது. பதிவில்லாமல் சர்க்கரை மாத்திரை தரமாட்டார்களாம்.

ஜாவா என்ற கணினி மொழியில் அந்த நிரலை எழுதிய யாழ்ப்பாணத்து நிரூபன் அங்கேதான் நின்றான். "பத்து எழுத்து சரி அக்கா. கடைசி எழுத்து 'வி' எண்டு இருக்கோணும். இவருக்கு எக்ஸ் கிடக்கு. அட்டை பிழை."

"அட்டை சரிதான் தம்பி. 'வி'ன்னா ஓட்டு உள்ளவங்க. அப்ப எங்க தோட்டத்து ஆளுங்க நெறையப் பேருக்கு ஓட்டு இல்ல, அதான் எக்ஸ். இம்புட்டுப் படிச்சும் இது தெரியாதா?" என்றாள் ஜீவராணி.

"அன்னைக்கு ஓட்டு இல்லன்னாங்க. இன்னைக்கு மாத்திரையும் இல்லங்குது ஒங்க பொட்டி," என்றார் வேலுசாமி.

நிரூபன் அட்டை இலக்கத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் 'வி'யோடு எக்ஸையும் ஏற்கும்படி நிரலின் வரியைத் திருத்தினான். ஜீவராணி இலக்கத்தைத் தானே தட்டி, மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலுசாமியின் லயத்து வீட்டுக்கு நடந்தாள்.