ஆற்று மண்ணை நிறுத்த மிக்கேல் அத்தான்

தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்பு மூடை ஏற்றிக்கொண்டிருந்தபோது, "உங்க மிக்கேல் அத்தான் போயிட்டாராம்" என்றான் ஒரு தோணிக்காரன். தலையிலிருந்த மூடையோடு ஊர்வரை ஓடினேன். இறக்கிவைக்கத் தோன்றவில்லை.

ஓவர்சியர் மிக்கேல் அவர்கள் என் அக்காளைக் கட்டியவர். தாமிரபரணி எவ்வளவு மண் சுமந்து வருகிறதென்று அளப்பதுதான் அவருடைய உத்தியோகம். கல் கட்டிய பாட்டிலை ஆழத்தில் இறக்கி, இன்னொரு கயிற்றைச் சுண்டித் தக்கையைத் திறப்பார். மொண்ட தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் மண்ணைக் காயவைத்து நிறுப்பார். அந்தத் தராசு கொசு உட்கார்ந்தாலும் தாழும். நானே பார்த்தேன்.

உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் ஊருக்குத் தோணித்துறை கட்ட ஆற்றுமுகத்திலேயே இடம் குறித்தார்கள். "ஒரே வெள்ளத்தில் தூர்ந்துபோகும், தெற்கே தள்ளிக் கட்டுங்கள்" என்று அத்தான் எழுதிப் போட்டார். சோதித்துப் பார்க்க இன்ஜினீயர் துரையே வந்துவிட்டார். "பொய்யானால் உமக்கு வேலை இல்லை" என்றார்.

அன்று ஆறு பொதிகை மலையையே கரைத்துக்கொண்டு சிவப்பாக ஓடியது. அத்தான் பாட்டிலைத் தொடக்கூடாதென்று துரை உத்தரவு. படகுக்காரன் லூர்து போய் மொண்டு வந்தான். பார்த்தால் இளநீர்போலத் தெளிவு! துரை சிரித்தார். அக்காள் பிள்ளைகளின் முகங்கள் என் கண்முன்னே வந்து நின்றன.

அத்தான் லூர்துவின் தோளையே பார்த்தார்.

"ஏலே, துண்டு ஏம்லே செவந்து கெடக்கு?"

"வடிகட்டுனேன்யா. பெரிய மனுசருக்குக் கலங்கத் தண்ணியவா குடுக்கது? நம்ம ஊரு மரியாத என்னத்துக்கு ஆவும்?"

"ஒன் மரியாதையில என் சோறு போவப் பாத்துதேல!"

அந்தத் தெளிந்த தண்ணீரிலேயே துண்டை அலசி, சிவந்துபோன தண்ணீரைத் துரையின் மூக்குக்கு நேரே நீட்டினார். துரை நம்பாமல் தாமே படகேறிப் போய் மொண்டார். அதே சிவப்பு! திரும்பி வந்து அத்தானின் கையைக் குலுக்கினார். என் கையை இன்னும் பலமாகக் குலுக்கினார்.

துறை தெற்கே எழுந்தது. அடுத்த வெள்ளத்தில், முன்பு குறித்த இடம் மண்மேடாகி ஆடு மேய்ந்தது. நாங்கள் போட்ட வெடி கொழும்பில் கேட்டது. "சத்தம் போதும்டே, பாட்டிலக் கழுவி வைங்க. நாளைக்கும் அளக்கணும்" என்றார் அத்தான்.

நேற்று அத்துறையில் ஒரு தோணியும் பாய் விரிக்கவில்லை. கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். "போயிட்டு வாங்க அத்தான்!" என்று நான் கத்தியதில் கடலே ஒரு கணம் அடங்கியது. கடைசியாக லூர்து வந்தான். கைப்பிடி மண்ணோடு குனிந்து நின்றான்.

"ஐயா, இத நான் வடிகட்டலய்யா."