ஒரு கண் மட்டும் முடிந்திருந்தபோது

திண்டிவனத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரத்துக்கு விக்கிரவாண்டி, விழுப்புரம் வரை கூப்பிடுவார்கள். என் கைவேலை சுத்தம் என்று பெயர் வாங்கியவள் நான். ஆனால் சில சமயம் அந்தக் கையே என்னுடையது இல்லாமல் போய்விடும்.

வேண்டியவர்கள் யாராவது என்னை விட்டுவிடுவார்களோ என்ற பயம் முற்றினால், என் உடம்பிலிருந்து நான் தள்ளி நிற்பதுபோல் ஆகிவிடும். பேச்சுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்கும். ஒருமுறை விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, திண்டிவனம் வந்ததும் தெரியவில்லை, தாண்டியதும் தெரியவில்லை. வீட்டில் தாயத்து கட்டினார்கள்.

முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்றார். அடுத்தவர் பைபோலார் என்றார். விழுப்புரத்தில் இருக்கும் பெண் மருத்துவர்தான் பல மாதம் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். எனக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, தள்ளி நிற்பதுபோல் தோன்றுவதற்கு டிசோசியேஷன் என்று பெயர் என்றார். யாரையாவது பற்றிக்கொண்டே இருப்பது, ஆட்களுக்குப் பயந்து ஒதுங்குவது என்று வேறு இரண்டு கோளாறுகளின் சாயலும் இதோடு கலந்திருக்கிறது என்றார்.

"அப்போ எனக்குள்ள மூணு பேரு இருக்காங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, ஒரே ஆளுதான். பயம் பல பக்கமா வெளிய வருது. பக்கத்துக்கு ஒரு பேரு வச்சது நாங்க."

அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன ஆவணியில் விக்கிரவாண்டியில் ஒரு வரவேற்பு. மணப்பெண்ணுக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் அலங்காரம் முடித்திருந்தேன். அப்போது என் அக்கா போன் செய்தாள். நான் நாள் முழுக்கக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறேனாம். இனிமேல் பேசவே வேண்டாம் என்று வைத்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தேன். பிரஷ் பிடித்திருந்த கை யாருடையதோ போல இருந்தது.

முன்பெல்லாம் தலைசுற்றல் என்று பொய் சொல்லிச் சமாளிப்பேன். அன்று பொய் சொல்லவில்லை, மணப்பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன்.

"பாப்பா, எனக்கு மனசு உடம்ப விட்டு வெலகின மாதிரி ஆயிடும். வைத்தியம் பாத்துக்கினுதான் இருக்கேன். கையில புடிச்சிக்க ஐஸ் கட்டி கெடச்சா சரியாயிடும்."

வாசலில் நின்ற அவளுடைய அத்தை வேறு ஆள் பார்க்கலாம் என்று முணுமுணுத்தார். அந்தப் பெண் ஒரு கண் மையோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த அக்காவே முடிக்கட்டும் அத்த. நீங்க ஜூஸ் போடறவங்ககிட்ட ஐஸ் வாங்கிக்கினு வாங்க."

ஐஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டாக்டர் பழக்கியபடி, கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன். அரக்குப் பட்டு, மல்லிகைப் பந்து, தரையில் கொட்டிய பவுடர்.

"ஃபேன்ல ஒட்டடை, அத வுட்டுட்டீங்க" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளங்கை குளிரில் வலித்தது. வலித்தது எனக்குத்தான், ஆகவே கையும் என்னுடையதுதான். இரண்டாவது கண்ணை முதல் கண்ணைவிட நன்றாகவே போட்டேன்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவளை இழந்துவிடுவேனோ என்று பயந்துதான் விடாமல் கூப்பிடுகிறேன், இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசலாமா என்று கேட்டேன். அவள் எழுந்து தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, சரி, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். இப்போது சில வாரம் ஞாயிறு வருவதற்குள் அவளே கூப்பிட்டுவிடுகிறாள்.

அந்தத் தள்ளி நிற்கும் உணர்வு இன்னும் வருகிறது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் வந்தது. பக்கத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், இது எந்த ஊர் என்று கேட்டேன்.

"இன்னாம்மா கேக்கற, திண்டிவனந்தான்."

அது போதுமாக இருந்தது. ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு பார்லரைத் திறக்கப் போனேன்.