நார்த்தாமலையில் சொன்ன ஊர்

இங்கே டீக்கடையில் கிளாசை மேசையில் வைப்பதற்குள் எந்த ஊர் என்று கேட்டுவிடுகிறார்கள். சவரம் செய்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையை மடியில் சரிசெய்துகொண்டதும் கேட்கிறார். பேரைக் கேட்பது அப்புறம்தான், முதலில் ஊர். ஊரைச் சொன்னால் யார் வீடு, வீட்டைச் சொன்னால் அப்பா பேர், அதையும் சொன்னால் குலதெய்வம். புதுக்கோட்டைக்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் என் கண் முதலில் வாசலைத் தேடுகிறது. மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையில் எங்களை அந்தக் கேள்வி கேட்டவர்கள் போலீஸ்காரர்கள்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பேர்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன். என் பேரையும் போடப்போவதில்லை. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனாலும் பத்திரிகை யார் யார் கைக்கெல்லாம் போகும் என்று யாருக்குத் தெரியும்.

நான் வந்த வருடத்து மார்கழியில் ஒருநாள், சனிக்கிழமை சாயங்காலம், தங்கராசு லாரி ஷெட்டுக்கு வந்தான். நான் அங்கே சரக்கு எழுதும் குமாஸ்தா. தங்கராசு ஒரு சர்க்கார் ஆபீஸில் நகல் எழுதுகிறவன், என்னைவிட இரண்டு வயது இளையவன், பழகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் நார்த்தாமலைக்குப் போய் ஏறிவிட்டு வரலாம், காதர் பாயும் வருகிறார் என்றான். மலை மேல் என்ன வேலை என்று கேட்டேன். வேலை ஒன்றுமில்லை, சும்மா நடந்துவிட்டு வரலாம் என்றான். சும்மா என்ற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் மலைக்குப் போகிறேன் என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். கொழுந்துக் கூடையோ மண் கிளறும் முள்ளோ கத்தியோ இல்லாமல் மலையில் நடந்தவர்களை நான் இரண்டே வகையாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர் துரை, மற்றவர் துப்பு விசாரிக்க வந்தவர். தங்கராசு நிச்சயமாகத் துரை இல்லை.

வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எதையோ மறைக்கிறேன் என்று நினைப்பான். அதனால் போனேன். அப்போது என் கையில் இருந்தது ஒரு வருடத்துக்கான அனுமதிச் சீட்டு. பங்குனியோடு அது முடிகிறது. அதற்குள் என் தகப்பன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று யாராவது எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போ என்று சொல்லிவிடுவார்கள். திரும்பிப் போனால் அங்கே நான் இந்தியாக்காரன். குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு அப்பா போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள், அந்தக் கவலையிலேயே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தச் சீட்டுக் கதையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, காதர் பாய் ஒருவரைத் தவிர. அவர் ஷெட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். ஐப்பசியில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது நாலு நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் வேகத்தில் எல்லாவற்றையும் உளறியிருக்கிறேன். பிறகு அதை நினைத்து நினைத்து நான் பட்ட பாடு காய்ச்சலைவிட மோசம்.

காலையில் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரும் காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்பதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். எனக்கு அது குளிராகவே தெரியவில்லை. நம் பக்கத்தில் தை மாதப் பனியில் கொழுந்தெல்லாம் கருகிக் கிடக்கும், காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவரின் இருமலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வெறும் சட்டையோடு நின்றதைப் பார்த்து ஒரு கிழவர் வழக்கம்போல எந்த ஊர் என்றார். நான் காது கேட்காதவன் மாதிரி எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறம்பக்குடி என்று எழுதியிருந்தது.

நார்த்தாமலை என்பது நம் கணக்கில் மலையே இல்லை. மண்ணில்லாத ஒரே மொட்டைப் பாறை, யானை படுத்துக்கொண்டிருப்பது போல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினோம். கல் சில்லென்று இருந்தது. பாதி தூரத்தில் ஒரு சுனை, அதன் கரையில் காதர் பாய் பொட்டலத்தைப் பிரித்தார். இட்லியும் எள்ளுப்பொடியும், ஆளுக்கு ஆறு. நான் வருகிறேன் என்று சொன்னதே முந்தின நாள் இருட்டும் நேரத்தில்தான், அதற்குள் எனக்கும் சேர்த்து எப்படி அவித்தார்கள் என்று யோசித்தேன். நான் மறுக்க மாட்டேன் என்று முன்பே தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஆறையும் தின்றேன்.

அங்கிருந்து ஏறும்போதுதான் தங்கராசு தொடங்கினான். முதலில் தோட்டத்தில் என்ன சம்பளம், என்ன சாப்பாடு என்று கேட்டான். பிறகு அப்பா எப்போது கப்பலேறினார் என்றான். நான் ஒன்று சொன்னதும் அவன் கொஞ்சம் பின்தங்கினான். திரும்பிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மூடிவிட்டான்.

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், பக்கத்து அறைக் காம்பராவில் சின்னையா அண்ணன் இருந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு மலைமேல் போகும்போது நல்லவிதமாகப் பேசிக்கொண்டே ஒருவர் கூட நடந்து வந்தார். பொரி வாங்கிக் கொடுத்தார். அண்ணனுக்குப் பிறந்த ஊர் எது என்று கேட்டார். அண்ணன் மனதில் ஒன்றுமில்லாமல் இந்தியாவில் பிறந்த ஊரை உள்ளபடி சொன்னார். அடுத்த வாரம் கள்ளத்தோணியில் வந்தவர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் இரண்டு பதில் உண்டு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று தாளுக்கு. அப்பாவின் பேர் அடைக்கலம். ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியின் கூட்டத்தில் ஏற்கெனவே ஓர் அடைக்கலம் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று கங்காணி அவரைக் கருப்பையா என்று எழுதிக்கொண்டார். அதனால் தாளில் அப்பா கடைசிவரை கருப்பையாதான். ஊர் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. ஆவுடையார்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், எல்லையில் ஐயனார், முன்னால் இரண்டு மண்குதிரை, ஒன்றுக்குக் காது உடைந்திருக்கும் என்று அப்பா சொல்வார். அதை வெளியாட்களிடம் வாய்விடக்கூடாது என்றும் சொல்வார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே தங்கராசு நேராகவே கேட்டுவிட்டான்.

"அண்ணே, ஒங்க அப்பா பேரென்ன? இங்கிட்டு எந்த ஊருக்காரரு?"

"கருப்பையா," என்றேன். ஊருக்கு ஒரு நிமிடம் தடுமாறினேன். காலையில் பார்த்த பஸ் போர்டு கண்முன் வந்தது. "கறம்பக்குடி பக்கம். ஊரு பேரு சரியா நெனவில்ல."

காதர் பாய் சட்டென்று என்னைப் பார்த்தார். காய்ச்சலில் நான் உளறியதில் அப்பாவின் உண்மையான பேரும் ஊரும் அவருக்குத் தெரியும். காட்டிக்கொடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு, காத்து அடிக்குது, எறங்குவோம் என்று மட்டும் சொன்னார். இறங்கும்போது வயலையும் கண்மாயையும் காட்டித் தங்கராசு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. போலீஸ் எப்போது வரும், ஷெட்டுக்கு வருமா, அறைக்கு வருமா என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒரு மாதம் அவனைக் கண்டால் சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன்.

தை கடைசியில் அவனே என்னைத் தேடிப் பிடித்தான். மடித்த ஒரு தாளைக் கொடுத்தான். முத்திரை குத்திய தாள். கறம்பக்குடிக்கு அடுத்த ஒரு ஊரில் பிறந்து இலங்கை போன கருப்பையாவின் மகன் என்று என் பேர் அதில் இருந்தது. காதர் பாய்தான் என் சீட்டு விஷயத்தை அவனிடம் சொல்லியிருக்கிறார். ஆபீஸில் நாலு பேர் காதில் விழ என்னிடம் விவரம் கேட்க முடியாது, வேலை நடக்குமோ நடக்காதோ தெரியாமல் ஆசை காட்டவும் மனமில்லை, அதற்காகத்தான் மலை. நான் ஊர்ப்பேர் சொல்லாததால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சொந்த சைக்கிளில் ஊர் ஊராக அலைந்திருக்கிறான். மூன்றாவது வாரம், சின்ன வயதில் கங்காணியோடு போய் ஒரு கடிதம்கூடப் போடாத ஒரு கருப்பையாவைக் கண்டுபிடித்துவிட்டான். அவருடைய தங்கை ராக்காயி சாட்சிக்குக் கைநாட்டு வைத்திருக்கிறார்.

"ஒங்க அத்தை அழுதுருச்சுண்ணே. மருமகன ஒரு தடவ அனுப்பி வையின்னு சொல்லுச்சு," என்றான் தங்கராசு.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அந்தத் தாள் செல்லாது, வேறு தாள் வாங்கப் பங்குனிக்குள் நேரமில்லை, எழுதிக் கொடுத்த தங்கராசுவின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் யாரோ ஒரு அம்மாளின் அழுகையை நான் திருடியதாக ஆகும். அன்று மாலை காதர் பாயிடம் போனேன். அவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டே, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

"நீ பயந்து சொல்றேன்னு தெரிஞ்சுச்சு தம்பி. ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன். இனிமே அந்த அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்றார்.

மாசியில் போனேன். ஓட்டு வீடு, வாசலில் வைக்கோல்போர். ராக்காயி அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். வெளிச்சத்தில் நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நான் எல்லோரையும் பார்க்கும் பார்வை அது. கூடி நின்ற சனத்தை எல்லாம் போகச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"ஒங்கப்பன் குலசாமி எதுன்னு சொன்னானா?"

வழியெல்லாம் இதற்குத்தான் பொய் யோசித்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது வேறு.

"ஐயனாரு. முன்னால ரெண்டு மண்குருத. ஒண்ணுக்குக் காது ஒடைஞ்சிருக்கும்."

"எங்களுக்குக் காளி," என்றார். நான் எழுந்துகொண்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

"ஒக்காருப்பா," என்றார். "எங்கண்ணன் செத்தான்னும் ஒருத்தனும் வந்து சொல்லல, இருக்கான்னும் சொல்லல. நீ அவன் மகன்னு இருந்தா, அவன் அங்கிட்டு நல்லாப் பொழச்சு ஒரு பிள்ளையையும் பெத்தான்னு ஆகும்ல. அப்படியே இருக்கட்டும். சோறு போடுறேன், சாப்பிடு."

சாப்பிட்டேன். பங்குனியில் அந்தத் தாளைக் கொடுத்துத்தான் இங்கே தங்கிவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் போகிறேன். அத்தே என்றுதான் கூப்பிடுகிறேன், இப்போது அதில் பொய் இருப்பதாகத் தோன்றுவதில்லை. தங்கராசுவுக்கு இன்னும் விவரம் தெரியாது. அவனோடு மறுபடி இரண்டு தடவை நார்த்தாமலை ஏறினேன். அவன் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று ஆசை, அவனோ இப்போது ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கறம்பக்குடி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆவுடையார்கோவில் பஸ் நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் அப்பாவின் ஊரில் இறங்கிவிடலாம். இதுவரை ஏறியதில்லை. என் முகம் அச்சு அசல் அப்பாவின் முகம். அங்கே யாராவது வயதானவர் என்னைப் பார்த்து, இது அடைக்கலம் மகன்தானே என்று கேட்டுவிட்டால், இல்லை என்று நான் சொல்லவேண்டும். போன பொங்கலன்று இரண்டு பஸ்ஸும் ஒன்றாகப் புறப்பட்டன. ஆவுடையார்கோவில் பஸ்ஸின் ஜன்னலில் இருந்த ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கறம்பக்குடி பஸ்ஸில் அத்தைக்கு வாங்கிய புடவைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார்.