பஸ்ஸை நிறுத்திய விசில்

பென்னலூர் பெண்பிள்ளைகள் குழுவுக்கு நான்தான் லீடர். "பஸ்ஸுல எவனாவது இடிச்சா பயப்படாத, ஊது" என்று சொல்லி ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்தவள்.

இன்று காலை ஒரகடம் பஸ்ஸில் ஒருவன் என்னையே இடித்துக்கொண்டு நின்றான். லீடரம்மா என்ன செய்தேன்? பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டேன்.

முருகன் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது. கண்டக்டர்தான் ஊதினார் என்று நினைத்து டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

"யாரும்மா என் வேலையப் பாக்குறது?" என்றார் கண்டக்டர்.

எங்கள் குழுவின் ரேவதி, கம்பெனி யூனிஃபார்மில் நின்றாள். "இந்தாளு எங்க அக்காவ இடிச்சிகினே வர்றான் சார். எறக்கி வுடுங்க."

இறக்கிவிட்டார்கள். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

"உன் விசிலு இன்னாக்கா ஆச்சு?" என்றாள் ரேவதி.

வீட்டில் இருக்கிறது. கொய்யா மரத்துக்கு வரும் குரங்கை விரட்ட அதைத்தான் ஊதுகிறேன்.

அவள் தன் விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். "ஞாயித்துக்கெழம குழு கூட்டத்துக்கு சீக்கிரம் வாக்கா. ஊதக் கத்துத் தர்றேன்."

மற்ற லீடர்களுக்கு ரோஜா மாலை விழும். எனக்கு இது விழுந்தது. இன்னும் கழற்றவில்லை. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், நாளைக்கும் அதே பஸ்தான்.