அண்ணனுக்குக் கட்டாத காப்பு

எங்கள் அண்ணன் ரக்பி விளையாடுவதை நமுனுகுல மலையடியிலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தை உதைக்க வக்கில்லாதவர்கள்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பது அப்பாவின் கட்சி. அம்மாவுக்கு வேறு குறை. பதுளைப் பள்ளிக்கூடத்திலிருந்து முழங்கால் தோல் உரிந்து வருகிறவனுக்கு மஞ்சள் பற்றுப் போட்டே தன் ஆயுசு போகிறது என்பாள். அம்மாவுக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே ஆகாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அண்ணனுக்குப் பள்ளியில் கடைசி வருடம். கொழும்பிலிருந்து கிளப்காரர்கள் ஆள் எடுக்க வருகிறார்கள், சம்பளம் கொடுத்து விளையாட வைப்பார்கள் என்று அண்ணன் வந்து சொன்னான். பதுளையில் நடக்கும் ஒரு மேட்சைப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். அதை விட்டால் தோட்டத்தில் கொழுந்து மூட்டை தூக்க வேண்டியதுதான். அந்த வாரமே அம்மா பசறைக்குப் போய் ஒரு நீலச் சேலை எடுத்து வந்தாள். தீபாவளி இல்லாத மாதத்தில் சேலை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மேட்ச் வந்து விழுந்ததோ மாரியம்மன் திருவிழா நடுவில். சின்ன வயதில் அண்ணன் மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, அவனை வருடாவருடம் தீச்சட்டி எடுக்க வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். தீச்சட்டி எடுப்பவர் கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது.

காப்புக் கட்டும் அன்று அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டபடி பூசாரியிடம் கையை நீட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மா அவன் கையை விலக்கிவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

"நேத்தி பையனுக்குல்ல?" என்றார் பூசாரி.

"நேந்துக்கிட்டது நாந்தாங்க. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க கட்டுங்க."

அண்ணனின் தீச்சட்டியை அம்மா பறித்துக்கொண்டாளே என்றுகூட எனக்குத் தோன்றியது.

மேட்சுக்கு அப்பா என்னை அழைத்துப் போனார். நீலச் சட்டை போட்ட அண்ணன், இரண்டு பேர் இடுப்பில் தொங்க, கோட்டைத் தாண்டி விழுந்தான். "ஓடுறா, ஓடுறா" என்று கத்தி அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முடிந்ததும் கிளப்காரர் ஒருவர் எங்களிடம் வந்து, "மகனை கொழும்புக்கு அனுப்புங்க, நாங்க பாத்துக்கொள்றோம்" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க" என்றார், அவ்வளவுதான். திரும்பும்போதோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைத் தூங்கவிடாமல் ரக்பியின் நுணுக்கங்களை விளக்கிக்கொண்டே வந்தார்.

எல்லைப் பாலத்துக்கு இந்தப் பக்கமாக, மழைக்கு கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் ரெட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு அம்மா காத்திருந்தாள். அண்ணனைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டாள்.

"எப்புடி ஓடுனான்? ஓடிக் காட்டு."

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிக் காட்டினேன். மறுபடி காட்டச் சொன்னாள். மறுபடியும் ஓடினேன்.

"நீ வராதது நல்லதும்மா. ஒனக்குத்தான் அது புடிக்காதே" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

"ஆமாடி" என்று சிரித்தாள்.

அண்ணன் கொழும்பில் பல வருடம் ஆடினான், நன்றாகவே இருக்கிறான். அந்த மேட்சுக்குக் கட்டிக்கொண்டு போகத்தான் அம்மா அண்ணன் சட்டை நிறத்திலேயே சேலை தேடி எடுத்தாள் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.